பொன்மலை நடை

செத்துப்போன தம்பி தனக்கு முன்னால் நடந்து போவதை இமெல்டா சத்திரம் பேருந்து நிலையத்தில் பார்த்தாள்.

நடந்து போனது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு நீலக் குளிர்ப்பை, தலையில் முக்காடு. நிலையத்தின் சிமெண்டுத் தரை முடிந்து உடைந்த நடைபாதை தொடங்கும் இடத்தில் அவளுடைய வலது கால் கீழே தொட்டும் தொடாமலும் ஒரு கணம் நின்றது. பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒரு தயக்கம். அதன் பிறகுதான் உடம்பின் எடை அந்தக் காலில் இறங்கியது. வேந்தன் அப்படித்தான் நடப்பான். "யாரு கூப்பிட்டாங்கன்னு நிக்கிற? நேரா நடடா" என்று அவனை எத்தனையோ முறை கடிந்திருக்கிறாள்.

காலை இழந்து இயங்குகால் பொருத்தியவர்களை ஊரில் எல்லாரும் பின்னாலிருந்தே அடையாளம் கண்டுவிடுவார்கள். காலுக்குள் இருக்கும் விசைப்பொறிகளை நடத்துவது நடைநிரல். நாட்டில் பெரும்பாலான கால்கள் நற்றாள் நிறுவனத்துடையவை. ஆகவே பெரும்பாலானவர்கள் ஒரே நடை நடந்தார்கள். நிமிர்ந்த முதுகு, அளந்து வைத்த அடி, அணிவகுப்பில் வரும் காவலர்கள் மாதிரி. பள்ளிப் பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். வழுவழுப்பான தரையில் அது அழகான நடைதான். சேறு, சரளை, உயரம் மாறும் படி என்று வந்துவிட்டால் கால் நின்று கணக்குப் போடும். போட்டு முடிக்கும்வரை ஆளும் நிற்க வேண்டியதுதான்.

வேந்தனுக்கு அது பொறுக்கவில்லை. முழுப்பெயர் பெலவேந்திரன். ரயில்வே பணிமனையில் மின்னணுப் பிரிவில் வேலை. சமயபுரம் சாலையில் ஒரு லாரி அவனுடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துக்கொண்டது. நற்றாள் கால் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் வாரமே அதன் பூட்டைத் திறந்துவிட்டான். நிறுவனம் எழுதிய அடிநிரலைத் தொடாமல், அதன் மேல் ஓர் அடுக்கு வைத்தான். அந்த அடுக்கு அவன் உடம்பிடமிருந்து நடையைக் கற்றுக்கொண்டது. பொன்மலைச் சந்தையின் காய்கறிச் சகதியிலும் ரயில்வே குடியிருப்பின் சரளைப் பாதையிலும் நான்கு வருஷம் நடந்து நடந்து அதைப் பழக்கினான். நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் அவன் போனபோது, ஊரிலேயே வழியில் நின்று கணக்குப் போடாத இயங்குகால் அவனுடையதுதான்.

இமெல்டா ஓட்டமும் நடையுமாகப் போய் அந்தப் பெண்ணை மறித்தாள்.

"ஏம்மா, ஒரு நிமிஷம். இந்த நடை உனக்கு எங்க கிடைச்சுது?"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "எந்த நடைங்க?"

"உன் கால் நடக்குதே, அந்த நடை."

"ஏலத்துல எடுத்தது" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே பயந்தவள்போலப் பின்வாங்கினாள். "நீங்க நற்றாள் ஆளா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உறையூர் போகும் பேருந்தில் ஏறிவிட்டாள். பேருந்துப் படியிலும் அந்தக் கால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் இமெல்டா ஏலவெளி என்ற இணைய ஏலத் தளத்தைத் திறந்தாள். வீட்டிலிருக்கும் பழைய பொருளை விற்க அது நல்ல இடம். திருட்டு நிரல்களும் அங்கேதான் விலைபோகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். தேடிய உடனே வந்தது: 'பொன்மலை நடை. படி, சேறு, சரளை எதிலும் நிற்காது. பூட்டுத் திறந்து தரப்படும்.' ஒன்று ஓசூரிலிருந்து, ஒன்று நாக்பூரிலிருந்து. இன்னும் பல, ஊர்ப் பெயரே இல்லாமல். ஒவ்வொன்றின் கீழும் ஆட்கள் போட்டி போட்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காணொளியும் போட்டிருந்தான். அதில் எந்த ஊர்க்காரரோ, எந்த ஆற்றிலோ இறங்கிக்கொண்டிருந்தார். ஈர மணலில் கால் வைக்கும்போது வேந்தனைப் போலவே தயங்கினார்.

அவளால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. அடக்கத்துக்கு முன் கழற்றி வைத்த காலை மறுநாள் விதிப்படி நற்றாளின் பழுதகத்தில் ஒப்படைத்தவள் அவள்தான். அங்கே யாரோ திறந்திருக்கிறார்கள். பிணத்தின் சட்டைப்பையில் கை விடுவது மாதிரி எடுத்திருக்கிறார்கள்.

இமெல்டா ரயில்வே மருத்துவமனையில் மருந்தாளுநர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியே வாங்கிய போலி மருந்தைக் குடித்த ஒரு பெண்குழந்தை அவள் கண்ணெதிரே செத்துப்போனது. அன்று முதல் போலி என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. நகல் எடுத்த படத்தைக்கூட வீட்டில் ஓடவிட மாட்டாள். வேந்தன் கேலி செய்வான், அவள் இளகியதில்லை.

நற்றாள் நிறுவனத்தின் உரிமைப் பிரிவு தில்லைநகரில் இருந்தது. அங்கிருந்த அதிகாரி கார்வண்ணன், அவள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"உங்களை மாதிரி ஒருத்தர் வரமாட்டாங்களான்னுதான் மேடம் காத்துட்டிருந்தோம்."

"ஏன், உங்களால பிடிக்க முடியாதா?"

"பிடிக்கலாம். தொட முடியாது. பழக்க உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஒரு உடம்பு ஒரு பொறிக்கு எதைக் கத்துக்குடுக்குதோ, அது அந்த உடம்புக்குச் சொந்தம். அவருக்கு அப்புறம் வாரிசுக்கு. உங்க தம்பி பூட்டைத் திறந்தது தப்புதான். ஆனா மேல இருக்கிற அடுக்கு அவரோடது. அதை நாங்களா அழிச்சா எங்களைத் திருடன்னு கோர்ட்டுக்கு இழுப்பாங்க."

மக்களைக் காக்க வந்த சட்டம் அது. அது வந்த பிறகு எந்த நிறுவனமும் தன் கால்களைப் பழகவிடுவதில்லை. ஆள் கொஞ்சம் தன் போக்கில் நடந்தால் கால் அவரைத் திருத்திப் பழைய நடைக்கே கொண்டுவந்துவிடும். பழகினால் பழகியது அந்த ஆளுக்குச் சொந்தமாகிவிடுமே.

"வாரிசு புகார் குடுத்தா?" என்று கேட்டாள் இமெல்டா.

"மீட்பாணை அனுப்பலாம். ஒவ்வொரு காலும் தினம் ஒரு தடவை எங்க வலையில வந்து நலம் சொல்லிட்டுப் போகும். அப்ப காவல்நிரல் பாத்து, திருட்டு நடையை எடுத்துட்டு எங்க நடையை வெச்சுடும்."

"கீழ விழுந்துட மாட்டாங்களே?"

"மாட்டாங்க மேடம். தூங்கி எந்திரிச்சா ஒழுங்கான நடை இருக்கும். அவ்வளவுதான்."

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. போலி மாத்திரையைப் பிடுங்கி எரித்துவிட்டு நோயாளிக்கு நல்ல மாத்திரை கொடுப்பதில் என்ன பாவம்? கண்ணாடிப் பலகையில் வந்த பத்திரத்தைப் படித்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தாள்.

"இனிமே நீங்க ஒவ்வொண்ணுக்கும் அலைய வேண்டியதில்ல" என்றான் கார்வண்ணன். "ஒரு தடவை வெச்சா போதும். எங்க எப்ப வித்தாலும் காவல்நிரலே உங்க பேர்ல எடுத்துடும்."

போகும்போது ஒரு சிறிய டப்பாவைக் கொடுத்தான். உள்ளே விரல்நக அளவில் ஒரு சில்லு. வேந்தனுடைய நடையின் மூலப் பிரதி, அவன் காலிலிருந்து எடுத்து வைத்தது, வாரிசுக்குச் சேர வேண்டியது. இமெல்டா அதை வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சில நாட்களில் ஏலவெளியிலிருந்து பொன்மலை நடை காணாமல் போனது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பிரதிகள் வெளியில் இருந்தன என்று கார்வண்ணன் செய்தி அனுப்பியிருந்தான். காஷ்மீரில்கூட இருந்ததாம். தம்பிக்குச் செய்ய வேண்டிய ஒரு கடமையைச் செய்து முடித்த நிம்மதி அவளுக்கு. அவனுக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பூசை வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டாள்.

அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தது மழை பெய்து ஓய்ந்த ஒரு முற்பகலில். அதே பேருந்து நிலையம். சாக்கடை மூடி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதற்கு முன்னால் அவள் நிமிர்ந்த முதுகோடு, காவலர் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். கால் கணக்குப் போட்டது. உறையூர்ப் பேருந்தின் நடத்துநர் "வர்றியாம்மா, இல்லையா?" என்று கத்தினார். கால் இன்னும் கணக்குப் போட்டது. பேருந்து போய்விட்டது.

இமெல்டா போய்க் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு அந்தப் பெண் சாக்கடை மூடியைக் கடந்தாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நடையைப் பத்திக் கேட்டது நீங்கதானே?"

"ஆமா."

"இப்ப அது இல்லக்கா. புடுங்கிட்டாங்க."

பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள். பெயர் ரஹீமா என்றாள். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடுவீடாகப் போய் ரத்தம் எடுப்பது வேலை. குளிர்ப்பை அதற்குத்தான்.

"முடியாதவங்கதான் வீட்டுக்குக் கூப்பிடுவாங்க. எல்லாரும் மாடியில இருப்பாங்க. உறையூர்ல பழைய வீட்டு மாடிப்படி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுக்கா. இந்தக் கால் படிக்குப் படி யோசிக்குது. நான் மேல போறதுக்குள்ள அவங்க பசி தாங்காம காப்பி குடிச்சுடுறாங்க. வெறும் வயித்துல எடுக்க வேண்டிய ரத்தம்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "வேற ஆள் பாத்துக்கறோம்னு கூடத்துல சொல்லிட்டாங்க. அது போகட்டும். அந்த அண்ணன் இப்படிச் செய்வார்னு நான் நினைக்கவே இல்ல."

"எந்த அண்ணன்?"

"வித்தவர். பொன்மலைக்காரர். பேர் சொன்னதே இல்ல."

இமெல்டா கோப்பையை மேசையில் வைத்தாள். "அவரே வித்தாரா?"

"விக்கிறதாவது. சும்மா குடுத்தா அந்தத் தளத்துல ஏத்துக்க மாட்டாங்களாம். அதுக்காக ஒரு ரூபான்னு போடுவார். யாராவது கூடக் கேட்டா ஏலத்தையே நிறுத்திட்டு மறுபடி ஒரு ரூபாய்க்குப் போடுவார். அவர்கிட்ட வாங்கிட்டுப் போய் அதிக விலைக்கு வித்தவங்களும் இருக்காங்க, அவங்க திருடங்கதான். ஆனா அவர்கிட்ட நேரா வாங்கினா, வாங்குறதோட முடியாது. தினம் சாயங்காலம் கைபேசியில வருவார். அவர் மொட்டைமாடியில அவர் நடப்பார், எங்க மாடியில நான் நடப்பேன். குதிகாலை முதல்ல விடாதீங்க, இடுப்பைப் பிடிச்சு வைக்காதீங்கன்னு சொல்லிட்டே வருவார். எங்க அம்மாகூட வந்து நின்னு பாக்கும்."

மாலை வேளைகளில் வேந்தன் மாடியில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாருடனோ பேசுவது இமெல்டாவுக்குத் தெரியும். இருவருக்கும் கல்யாணம் என்று ஒன்று அமையாத வீடு அது. தம்பிக்கு யாரோ ஒரு பெண் கிடைத்துவிட்டாள் என்று நினைத்து, உள்ளூரச் சந்தோஷப்பட்டு, கேட்டால் கலைந்துவிடுமோ என்று கேட்காமலே இருந்திருந்தாள்.

"என் நடையை அப்படியே வெச்சுக்காதீங்கன்னு சொல்வார்" என்றாள் ரஹீமா. "இது சும்மா பிடிச்சுக்கிறதுக்கு ஒரு கம்பி. நடக்க நடக்க உங்களோடதா மாறிடும்னார். மாறிடுச்சுக்கா. மூணு வருஷத்துல எல்லாம் என் நடையாயிடுச்சு. அந்தத் தயக்கத்தை மட்டும் நான் விடல. தரை தாங்குமான்னு தொட்டுப் பாத்துட்டு அப்புறம்தான் எடையைப் போடும். எங்க போனாலும் பயமே இருக்காது. இப்ப அதுவும் போச்சு, நான் பழகினதும் அதோடவே போச்சு."

தொட்டுப் பார்த்துவிட்டு எடையைப் போடுவது. இமெல்டா அதைத்தான் நான்கு வருஷமாக, நேரா நட, நேரா நட என்று திட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு முறைகூட விளக்கம் சொன்னதில்லை. சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

"வீட்ல யாருக்கும் தெரியாதான்னு ஒரு தடவை கேட்டேன்" என்று ரஹீமா தொடர்ந்தாள். "அக்கா ஒண்ணு இருக்கு, மருந்து குடுக்கிற வேலை, போலின்னாலே ஆகாது, தெரிஞ்சா என்னையே பிடிச்சுக் குடுத்துடும்னு சிரிச்சார். அப்புறம் சொன்னார், ஆனா எனக்கு உடம்புக்கு ஆகலைன்னா தூங்காது, அந்த ரகம்னார்."

இமெல்டா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"நான்தாம்மா அந்த அக்கா."

ரஹீமா நிமிர்ந்தாள்.

"அவன் போன மார்கழியில தவறிட்டான். நெஞ்சுவலி. அவன் பேர் பெலவேந்திரன்."

ரஹீமாவின் உதடுகள் மெல்ல அசைந்தன. இறந்தவர்களுக்காகச் சொல்லும் வார்த்தைகள். பிறகு முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்ச நாளா அழைப்பு எடுக்கலையேன்னு கோவமா இருந்தேன். நடை போன அன்னைக்கு, உரிமையாளர் புகாரின் பேரில்னு அறிவிப்பு வந்துச்சு. அவரேதான் குடுத்துட்டார்னு நினைச்சு வாய்க்கு வந்தபடி திட்டினேன். மன்னிச்சுக்கங்கக்கா." இமெல்டாவின் கையைப் பிடித்தாள். "அவர் இல்லைன்னா, யாருக்கா புகார் குடுத்தது?"

இமெல்டா தேநீருக்கான காசை எண்ணி மேசையில் வைத்தாள்.

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றாள்.

கார்வண்ணன் அவளை எழுந்து நின்று வரவேற்றான். புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவள் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான்.

"அது முடியாது மேடம். நடை உங்களோடது, அடிநிரல் எங்களோடது. ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்த புகார். ஒருத்தர் மட்டும் விலக முடியாது."

"அப்ப நீங்களும் விலகுங்க."

"எங்க நிறுவனம் விலகாது மேடம்."

"அது என் தம்பியோட நடை."

"யாரும் இல்லைன்னு சொல்லல. முழுசா உங்களோடது. இன்னைக்கு இந்த உலகத்துல அந்த நடைக்கு உரிமை உள்ள ஒரே ஆள் நீங்கதான். வெச்சுக்கலாம். உங்க கால்ல போட்டு நடக்கலாம்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் மேசைக்குக் கீழே அவளுடைய இரண்டு சொந்தக் கால்களையும் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இன்னொருத்தருக்குக் குடுக்கணும்."

"குடுத்தா அது எங்க அடிநிரல் மேலதானே ஓடணும். அதுக்கு எங்க அனுமதி வேணும்."

"அந்தப் பொண்ணு மூணு வருஷம் நடந்து அவளாப் பழகினது? அது அவளுக்குச் சொந்தமில்லையா? உங்க சட்டந்தானே?"

கார்வண்ணன் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். கெட்டவனில்லை, அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "சொந்தந்தான். ஆனா உங்க தம்பி நடைக்கு மேல பழகினது அது. ரெண்டும் கலந்துபோச்சு. இது அவர் அடி, இது அவங்க அடின்னு பிரிக்க வழியில்ல மேடம். அதனாலதான் சேத்தே எடுக்க வேண்டியதாப் போச்சு. நீங்க விரல் வெச்ச பத்திரத்துல இருந்துச்சு."

அவள் படித்திருந்தாள். படித்தபோது 'திருட்டுப் பிரதிகளும் அவற்றைச் சார்ந்த அனைத்தும்' என்றுதான் இருந்தது. சார்ந்த அனைத்தும் என்றால் உறையூரில் ஒரு பெண் மாடிப்படி ஏறுவது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். சில்லைக் கணினியில் பொருத்தினாள். வாழ்நாளில் முதல் முறையாக ஏலவெளியில் தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்தாள். என்ன விற்கிறீர்கள் என்று கேட்டது. பொன்மலை நடை என்று தட்டினாள். விவரம் கேட்டது. எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், 'தரை தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கால் வைக்கும். நீங்கள் பழகினால் உங்களுடையதாக மாறிவிடும்' என்று எழுதினாள். பூட்டை எப்படித் திறப்பது என்று அவளுக்குத் தெரியாது. யாராவது தெரிந்தவர்கள் எடுத்தால் போதும், அவனைப் போல ஒருவன் எங்கேயாவது இருப்பான். பதிவு செய்தாள். போலீஸ் வந்தால் வரட்டும் என்றுகூட ஒரு துணிச்சல் வந்திருந்தது.

திரையில் அது தோன்றியது. அவள் அதன் முகவரியை ரஹீமாவுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது அது இல்லை. இருந்த இடத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது.

'உரிமையாளரின் நிலையான புகாரின் பேரில் இந்தத் திருட்டுப் பொருள் நீக்கப்பட்டது. உரிமையாளர்: அ. இமெல்டா, பொன்மலை. விற்க முயன்றவர்: அ. இமெல்டா, பொன்மலை. இது முதல் எச்சரிக்கை.'

மறுபடி பதிந்தாள். மறுபடி போனது. மூன்றாம் முறை கணக்கையே முடக்கிவிட்டார்கள். வெளியே எடுத்த சில்லில் ஒன்றும் மிச்சமில்லை. கணினி வலையில் இருந்தபோதே காவல்நிரல் அதையும் ஒரு திருட்டுப் பிரதியாக எண்ணித் துடைத்திருந்தது.

கைபேசி ஒலித்தது. ரஹீமா.

"அக்கா, ஏதோ அனுப்பியிருக்கீங்க. தொட்டா ஒண்ணும் வரலையே."

"அவன் நடையைப் போட்டேம்மா. எடுத்துட்டாங்க."

"அதுக்குள்ளயா? யாருக்கா எடுத்தது?"

இமெல்டா திரையிலிருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"நான்தான்."

எதிர்முனையில் ரஹீமா எங்கோ ஒரு மாடிப்படியில் நின்றுகொண்டு பேசுகிறாள் போலிருக்கிறது. கால் கணக்குப் போடும் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது.

"முன்னாடி எடுத்ததும் நீங்கதானாக்கா?"

"ஆமாம்மா" என்றாள் இமெல்டா.